ஆஸ்கர் தராசில் யார் வைத்த எடைக்கல்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் போதும். நாளிதழ்கள் முதல் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிடுகின்றன. தொலைக்காட்சிகள் சிவப்புக் கம்பளத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. யார் என்ன உடை உடுத்தினார், யார் மேடையில் அழுதார் என்பதெல்லாம் தலைப்புச் செய்தி! 'உலகின் சிறந்த படம்', 'உலகின் சிறந்த நடிகர்' என்று கூச்சநாச்சமின்றி எழுதித் தள்ளுகிறார்கள்.

உலகமாம்! எந்த உலகம்? யார் கூடி எடுத்த முடிவு?

வணிகச் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு கடைத்தெருவில் உள்ள பெரிய முதலாளிகள் ஒன்றுகூடிச் சங்கம் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் விழா எடுத்துத் தங்கள் கடைச் சரக்குக்குத் தாங்களே 'உலகிலேயே சிறந்தது' என்று முத்திரை குத்திக் கொள்கிறார்கள். அதைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? 'நல்ல விளம்பரம்' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவோம். அதே காரியத்தை அமெரிக்காவில் ஹாலிவுட் செய்தால் மட்டும் கைதட்டுகிறோம். அது உலகத் தீர்ப்பு என்று நம்புகிறோம்.

சினிமா பார்க்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. அது தனி விஷயம். பார்ப்பவர் பார்த்தாலும் பார்க்காதவர் பார்க்காவிட்டாலும், முஸ்லிம் என்றால் யார், அரபி என்றால் யார், பாலஸ்தீனம் என்று ஒரு நாடு உண்டா இல்லையா என்பதையெல்லாம் உலகின் கோடிக்கணக்கான மக்களுக்குப் பாடம் நடத்துவது அந்தத் திரைதான். அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடுவது இந்த ஆஸ்கர்தான். ஆகவே மதிப்பெண் போடும் கையை நாம் உற்றுப் பார்த்தே தீர வேண்டும்.

'பென்ஹர்' 11 விருது, 'டைட்டானிக்' 11 விருது, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகம் 11 விருது. நடிப்புக்காக நான்கு முறை வென்றவர் கேத்தரின் ஹெப்பர்ன். இதையெல்லாம் வினாடி வினாப் போட்டிகளில் நம் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். அதே பதிவேட்டை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். யாருக்கு எத்தனை ஆண்டு கழித்துக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவேயில்லை? யாருடைய பெயரைச் சொல்லக்கூட மனம் வரவில்லை? அப்படி வாசித்தால் சாதனைப் பட்டியல் குற்றப் பத்திரிகையாக மாறிவிடுகிறது!

முதலாளி நட்ட மரம்

ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமி 1927இல் தொடங்கப்பட்டது. யோசனை கொடுத்தவர் லூயி பி. மேயர். இவர் கவிஞரோ ஓவியரோ அல்ல, எம்.ஜி.எம். என்ற மாபெரும் படக் கம்பெனியின் தலைவர். அந்த நேரத்தில் ஹாலிவுட்டில் தச்சர், மின்பணியாளர் போன்ற தொழிலாளர்கள் சங்கம் கட்டி 1926இல் ஒப்பந்தமும் போட்டுவிட்டார்கள். அடுத்து நடிகர்களும் எழுத்தாளர்களும் சங்கம் வைத்துவிடுவார்களோ என்ற பயம் முதலாளிகளைப் பிடித்துக் கொண்டது. 'எல்லோரும் ஒரே குடும்பம். சண்டை சச்சரவைக் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துக் கொள்ளலாம்' என்று சொல்ல ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அதுதான் அகாடமி. விருது கொடுப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலை.

முதல் விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. விருது வழங்கும் பகுதி சுமார் 15 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு விருந்தும் கைகுலுக்கலும், அவ்வளவுதான்.

இந்தக் 'குடும்பத்தின்' லட்சணம் 1933இல் வெளிப்பட்டது. பொருளாதார நெருக்கடியைக் காட்டிப் படக் கம்பெனிகள் சம்பளத்தில் பாதியை வெட்டின. அகாடமி யார் பக்கம் நின்றது? முதலாளிகளின் வெட்டுக்கு ஒத்து ஊதியது. வெகுண்டெழுந்த நடிகர்களும் எழுத்தாளர்களும் அதே ஆண்டில் தங்கள் சொந்தச் சங்கங்களைக் கட்டினார்கள். 1936 விருது விழாவைப் புறக்கணிக்கும்படி சங்கங்கள் அழைப்பு விடுத்தன. 'தி இன்ஃபார்மர்' படத்துக்குத் திரைக்கதை எழுதிய டட்லி நிக்கல்ஸ், சங்கத்துக்கு விசுவாசமாக நின்று ஆஸ்கரை வாங்க மறுத்தார். ஆஸ்கரை மறுத்த முதல் மனிதர் அவர்தான்.

பிறப்பிலேயே இது நடுநிலையான அமைப்பு அல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பரிசு உண்டு, பந்தியில் இடமில்லை!

1940 பிப்ரவரி 29. 'கான் வித் த விண்ட்' படத்தில் வெள்ளை எஜமானர் வீட்டு அடிமைப் பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வரலாற்றுச் சாதனை என்று இன்றும் பெருமை அடித்துக் கொள்கிறார்கள்.

அந்த இரவு அவரை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதி கிடையாது. படத் தயாரிப்பாளர் தனிச் சலுகை கேட்ட பிறகுதான் வாசலைத் தாண்ட விட்டார்கள். உள்ளேயும் சக நடிகர்களோடு அமர முடியவில்லை. சுவரோரம் போட்ட சிறு மேசை ஒன்றில் தனியே உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அட்லாண்டா நகரில் நடந்த அதே படத்தின் முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. அங்கே நிறவெறிச் சட்டம்!

1952இல் அவர் இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவரது கடைசி ஆசை. கறுப்பருக்கு அங்கே இடமில்லை என்று அதையும் மறுத்தார்கள். பரிசு கொடுத்த ஊர், ஆறடி மண் கொடுக்கவில்லை.

அவருக்குப் பிறகு நடிப்புக்காக இன்னொரு கறுப்பர் போட்டி விருதை வெல்ல 24 ஆண்டுகள் ஆயின. 1964இல் சிட்னி பாய்ட்டியர் சிறந்த நடிகரானார். இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்பு விருது வாங்க 51 ஆண்டுகள்! 1991இல் வூபி கோல்ட்பெர்க். சிறந்த கதாநாயகி விருதை ஒரு கறுப்பினப் பெண் தொட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹேலி பெர்ரி அழுதுகொண்டே வாங்கினார்; கதவு திறந்துவிட்டது என்று உலகமே நம்பியது. 2025 வரை அந்தக் கதவு வழியாக இரண்டாவது ஆள் வரவில்லை. சிறந்த இயக்குநர் விருதோ 2025 வரை ஒரே ஒரு கறுப்பருக்குக்கூடக் கிடைக்கவில்லை. 97 விழாக்கள் முடிந்த பிறகும் இதுதான் நிலை!

நிறத்துக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கருத்துக்கும் இதே கதிதான். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், விசாரணைக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு ஆஸ்கர் கிடையாது என்று 1957இல் அகாடமி விதியே போட்டது. சிறை சென்ற எழுத்தாளர் டால்டன் டிரம்போ வேறு பெயர்களில் ஒளிந்து எழுதினார். 1954இல் 'ரோமன் ஹாலிடே' கதைக்கான விருது, அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பரிடம் போனது. 1957இல் 'தி பிரேவ் ஒன்' படத்துக்காக 'ராபர்ட் ரிச்' என்ற பெயரை மேடையில் அழைத்தார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது! 1959இல் விதியைக் கைவிட்டார்கள். 'பிரேவ் ஒன்' சிலை 1975இல் அவர் கைக்கு வந்தது. 'ரோமன் ஹாலிடே' விருது 1993இல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து!

ஓட்டுப் போடுவோர் யார்?

சரி, அதெல்லாம் பழைய கதை என்பார்கள். புதிய கதைக்கு வருவோம்.

2012இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு வேலை செய்தது. ரகசியமாக வைக்கப்பட்டிருந்த வாக்காளர் பட்டியலைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தது. 5,700க்கும் அதிகமான வாக்காளர்களில் 94 சதவீதம் வெள்ளையர்! 77 சதவீதம் ஆண்கள்! நடுத்தர வயது 62. உலகின் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கூட்டம்தான்.

விளைவு என்ன? 2015இல் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே. அடுத்த ஆண்டு 2016இலும் இருபதுக்கு இருபது! ஊர் சிரித்த பிறகுதான் பெண்கள், சிறுபான்மையினர் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று அகாடமி வாக்குறுதி கொடுத்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. போட்டியில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்த பிறகே ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான பிரிவுகளில் இல்லவே இல்லை. எல்லாப் பிரிவுகளுக்கும் அந்த விதியை அகாடமி அறிவித்தது எப்போது? 2025 ஏப்ரலில்! சரக்கைத் தொட்டுப் பார்க்காமலே தரச்சான்று கொடுக்கும் அதிகாரியை நம் கடைத்தெருவில் ஒரு நாள் விட்டுவைப்போமா?

பார்க்காமலே ஓட்டுப் போடலாம் என்றால் ஓட்டை எது தீர்மானிக்கும்? பணமும் விளம்பரமும்தான். விருந்துகள், சிறப்புக் காட்சிகள், வாக்காளர் படிக்கும் தொழில் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் என்று அது ஒரு தேர்தல் திருவிழா. 1999இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தை 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' வீழ்த்தியபோது, வென்றது படமா, மிராமேக்ஸ் நிறுவனத்தின் ஹார்வி வைன்ஸ்டீன் நடத்திய பிரச்சாரமா என்று ஹாலிவுட்டே கேட்டது. ஆஸ்கர் மேடைகளில் நன்றிக்கு மேல் நன்றி வாங்கிய அந்த வைன்ஸ்டீனை, பெண்கள் வரிசையாக வந்து பாலியல் குற்றம் சாட்டிய பிறகு, 2017 அக்டோபரில் அகாடமி வெளியேற்றியது.

அந்தச் சிலையின் விலை என்ன என்று கேட்பீர்கள். 1950க்குப் பிறகு விருது வாங்கியவர்கள், அகாடமிக்கு ஒரு டாலருக்குத் தர முன்வராமல் வெளியே விற்கக்கூடாது என்பது ஒப்பந்தம். வாங்கும்போது கோடி, விற்கும்போது ஒரு டாலர்! இப்படியொரு சரக்கை எந்த வியாபாரியும் கண்டிருக்க மாட்டார்.

திரையில் நாம் யார்?

1963இல் ஏழு ஆஸ்கர்களை அள்ளிய படம் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. அரபு மண்ணின் கதை, அரபிகளின் கிளர்ச்சி. அதில் இளவரசர் ஃபைசலாக வந்தவர் யார்? அலெக் கின்னஸ் என்ற ஆங்கிலேயர். அரபுக் குலத் தலைவர் அவ்தாவாக வந்தவர்? மெக்சிகோவில் பிறந்த அந்தோணி குவின். முகத்தில் சாயம் பூசி அரபியாக்கினார்கள். எகிப்து நடிகர் ஒமர் ஷெரீஃபுக்குத் துணை நடிகருக்கான பரிந்துரை மட்டும் கிடைத்தது. கதாநாயகன் வெள்ளைக்காரன், அரபிக்கு அறிவு புகட்ட வந்தவன்!

அதே அந்தோணி குவின் பின்னாளில் லிபியாவின் மாவீரர் உமர் முக்தாராக நடித்தார். முஸ்தபா அக்காத் இயக்கிய 'லயன் ஆஃப் த டெசர்ட்' 1981இல் வந்தது. இத்தாலியப் படையின் வதை முகாம்களையும் தூக்குமேடையையும் காட்டிய படம். ஆஸ்கர் பரிந்துரை? ஒன்றுகூட இல்லை. வெள்ளையன் அரபிக்குத் தலைமை தாங்கினால் ஏழு. அரபி வெள்ளையனை எதிர்த்து நின்றால் பூஜ்யம்.

ஜாக் ஷாஹீன் என்ற பேராசிரியர் லெபனான் வழிவந்த அமெரிக்கக் கிறிஸ்தவர். அரபிகள் வரும் 900க்கும் அதிகமான ஹாலிவுட் படங்களைப் பார்த்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அரபியை நல்ல மனிதனாகக் காட்டியவை ஏறத்தாழ ஒரு டஜன்தான் என்பது அவர் கணக்கு. மற்றவற்றில் பெரும்பாலானவை என்ன காட்டின? குண்டு வைப்பவன், காமுகன், எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் முட்டாள்!

இராக்கின் மீது 2003இல் அமெரிக்கா படையெடுத்தது. பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொன்னது பொய் என்பது ஊரறிந்தது. அந்தப் போரைப் பற்றிய 'தி ஹர்ட் லாக்கர்' 2010இல் சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர் வென்றது. அமெரிக்க வெடிகுண்டு நிபுணனின் மனப் போராட்டம்தான் கதை. இராக்கியர் யார்? சந்தில் நின்று வெறிக்கும் கும்பல். யார் கையில் குண்டு இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டிய முகங்கள். வீடிழந்த, பிள்ளையிழந்த இராக்கியத் தாயின் மனப் போராட்டத்தைக் காட்ட இவர்களுக்குக் கேமராவில் பிலிம் தீர்ந்துவிட்டது போலும்!

2013இல் 'ஆர்கோ'. 1980இல் தெஹ்ரானிலிருந்து ஆறு அமெரிக்கத் தூதரகப் பணியாளர்களை சி.ஐ.ஏ. தப்புவித்த கதை. சிறந்த படம் என்று அதை அறிவித்தவர் யார் தெரியுமா? வெள்ளை மாளிகையிலிருந்து நேரலையில் தோன்றிய அதிபரின் மனைவி மிஷேல் ஒபாமா! உளவுத்துறையின் புகழ் பாடும் படத்துக்கு அதிபர் மாளிகையிலிருந்தே பரிசு அறிவிப்பு. அந்தச் சம்பவம் நடந்தபோது அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரே, அந்த முயற்சியில் 90 சதவீதப் பங்கு கனடாவுடையது, படமோ பெருமையை சி.ஐ.ஏ.வுக்குக் கொடுத்துவிட்டது என்று சொன்னார். யார் காதில் விழுந்தது?

முஸ்லிம் நாடுகளிலிருந்து வரும் எந்தப் படத்துக்கு வாசல் விரைவாகத் திறக்கிறது என்பதையும் பாருங்கள். பாகிஸ்தானின் ஷர்மீன் உபைத் சினாய் இரண்டு முறை குறும் ஆவணப்பட விருது வென்றார். 2012இல் பெண்கள் மீது அமிலம் வீசும் கொடுமை பற்றி, 2016இல் 'கௌரவ'க் கொலை பற்றி. அந்தக் கொடுமைகள் உண்மை. அவற்றை முதலில் கண்டிக்க வேண்டியவர்களும் நாம்தான். மார்க்கத்தின் பெயரால் அதை மூடி மறைப்பவன் பெரும் பாவி. அந்தச் சகோதரி செய்தது துணிச்சலான வேலை. நம் கேள்வி அவரிடம் அல்ல, பரிசு கொடுத்தவர்களிடம். நம் வீட்டு அழுக்கைக் காட்டினால் ஓடி வந்து பாராட்டும் நீங்கள், உங்கள் விமானம் எங்கள் வீட்டின் மீது போட்ட குண்டைக் காட்டினால் ஏன் தயங்குகிறீர்கள்?

ஒரு நாட்டின் பெயர்

தயக்கம் என்றோம். அதற்குச் சான்று பாலஸ்தீனம்.

1978இல் ஆங்கில நடிகை வனஸ்ஸா ரெட்கிரேவ் துணை நடிகை விருது வென்றார். அவர் அதற்கு முந்தைய ஆண்டு பாலஸ்தீனர் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் துணை நின்றவர். அதற்காக அவரது கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். விழா அரங்குக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மிரட்டலுக்குப் பணியாததற்காக அவர் மேடையில் வாக்காளர்களுக்கு நன்றி சொன்னார். சியோனிச ரவுடிகளைச் சாடினார். யூத வெறுப்பையும் பாசிசத்தையும் எதிர்த்துப் போராடுவேன் என்றும் அதே மூச்சில் உறுதி கூறினார். அரங்கில் கூச்சல். சற்று நேரத்தில் எழுத்தாளர் பாடி சயஃப்ஸ்கி மேடையேறி, நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் போதுமே என்று கண்டித்தார். அரங்கம் அவருக்குக் கைதட்டியது!

2002இல் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷன்' கேன் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஆஸ்கருக்கு? பாலஸ்தீனம் அகாடமி ஏற்கும் நாடு அல்ல என்று பதில் வந்ததாகச் செய்தி வெளியாகிக் கண்டனம் கிளம்பியது. முறைப்படி விண்ணப்பமே வரவில்லை என்று அகாடமி மழுப்பியது. ஐ.நா. சபையில் இடமில்லாத தைவான் அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே பிரிவில் விருதே வாங்கியிருந்தது. ஹாங்காங் படங்கள் ஹாங்காங் பெயரில் போட்டியிட்டன. அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோவின் படம் தனி நாடு போலப் பரிந்துரை பெற்றிருந்தது. இவர்களுக்கெல்லாம் இல்லாத தடை பாலஸ்தீனத்துக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? கூச்சல் எழுந்த பிறகு, அடுத்த ஆண்டு அதே படத்தைப் போட்டிக்கு ஏற்றுக்கொண்டார்கள்.

2006இல் ஹானி அபூ அஸதின் 'பாரடைஸ் நவ்' பரிந்துரை பெற்றது. தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகும் இரு இளைஞர்களின் கதை. படத்தின் பார்வையோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். சண்டை அதைப் பற்றி வரவில்லை! நாட்டின் பெயரைப் பற்றி வந்தது. முதலில் 'பாலஸ்தீனம்' என்று எழுதியிருந்தார்கள். இஸ்ரேல் தரப்பு எதிர்த்தது. விழா இரவில் அது 'பாலஸ்தீனப் பகுதிகள்' ஆகிவிட்டது. படம் உண்டு, இயக்குநர் உண்டு, நடிகர் உண்டு. நாடு மட்டும் இல்லை!

2012 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடாக ஏற்றது. 2014இல் அதே இயக்குநரின் 'ஒமர்' படம் பரிந்துரை பெற்றபோது பாலஸ்தீனம் என்ற பெயர் இருந்தது. எட்டு ஆண்டுகள் போராடிப் பெற்றது விருதல்ல, ஒரு பெயர்.

இடையில் 2013இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. இமாத் புர்னாத் பில்இன் கிராமத்து விவசாயி. 2005இல் நான்காவது மகன் பிறந்தபோது வீட்டுக்காக ஒரு கேமரா வாங்கினார். ஊர் நிலத்தை விழுங்க வந்த தடுப்புச் சுவருக்கு எதிராக மக்கள் ஆயுதமின்றிப் போராடியதை அதில் பிடித்தார். கேமராக்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஐந்து கேமராக்களின் கதைதான் '5 புரோக்கன் கேமராஸ்'. இஸ்ரேலியரான கை டேவிடியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. மனைவியோடும் மகனோடும் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கியவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆஸ்கருக்கு அழைக்கப்பட்டவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இயக்குநர் மைக்கேல் மூர் தலையிட்ட பிறகு விட்டார்கள். எங்கள் மக்களுக்கு இது அன்றாட அனுபவம் என்றார் புர்னாத். விருந்தாளியை வாசலில் வைத்து மிரட்டும் விருந்து!

2025 மார்ச் 2. 'நோ அதர் லேண்ட்' சிறந்த ஆவணப்படம். மேற்குக் கரையில் மஸாஃபர் யத்தா கிராமங்களை இஸ்ரேலிய ராணுவம் இடித்துத் தரைமட்டமாக்குவதைக் காட்டும் படம். பாஸில் அத்ரா, ஹம்தான் பல்லால் என்ற இரு பாலஸ்தீனர்களும், யுவால் ஆபிரகாம், ரேச்சல் சோர் என்ற இரு இஸ்ரேலியர்களும் சேர்ந்து எடுத்தது. ஆஸ்கர் வென்ற அன்றும் அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் கிடையாது! படம் எடுத்தவர்களே திரையரங்குகளைத் தேடிப் பேசித் திரையிட்டார்கள். அதைத் திரையிட்ட ஒரு சிறு அரங்கின் குத்தகையையே ரத்து செய்ய மியாமி பீச் நகர மேயர் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கினார்.

விருது வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச் 24 அன்று சூசியா கிராமத்தில் ஹம்தான் பல்லாலை அவர் வீட்டருகே யூதக் குடியேறிகள் தாக்கினார்கள். காயத்தோடு கிடந்தவரை ராணுவம் பிடித்துக் கொண்டு போய் மறுநாள் விட்டது. தான் பரிசளித்த கலைஞனுக்காக அகாடமி என்ன சொன்னது? கலைஞர்களைத் துன்புறுத்துவது தவறு என்று பொதுவாக ஓர் அறிக்கை. அதில் ஹம்தானின் பெயர் இல்லை! படத்தின் பெயரும் இல்லை! மேடையில் ஒலிபெருக்கியில் அழைத்த பெயரை, அடிபட்டுக் கிடந்தபோது எழுத்தில் எழுதக் கை நடுங்கிவிட்டது.

600க்கும் மேற்பட்ட அகாடமி உறுப்பினர்களே கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். மார்ச் 28 அன்று அகாடமி பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. ஆனால் குடியேறிகளின் துப்பாக்கி மன்னிப்புக் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 28 அன்று, அந்தப் படத்துக்கு உதவிய அவ்தா ஹதாலீன் என்ற ஆசிரியர் உம்முல் கைர் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

'எல்லாம் சதி' என்று சொல்லிவிட்டால் போதுமா?

இங்கே நம்மவர்களிடமும் சில வார்த்தை பேச வேண்டும்.

நம்மில் ஒரு சாரார் ஆஸ்கரைக் கண்டால் வாய் பிளக்கிறார்கள். இன்னொரு சாரார் 'எல்லாம் யூதச் சதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம்!

மேலே சொன்ன வரலாற்றைத் திரும்பப் பாருங்கள். பில்இன் படத்தில் புர்னாத்தோடு நின்றவர் ஓர் இஸ்ரேலியர். மஸாஃபர் யத்தா படத்தில் தன் நாட்டின் அநியாயத்தை ஆஸ்கர் மேடையிலேயே சொன்னவரும் ஓர் இஸ்ரேலியர். அநீதியை எதிர்ப்பது ஓர் இனத்தை வெறுப்பது ஆகாது. அந்த வேறுபாடு தெரியாதவன் தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிறான்.

விருதே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி 2012, 2017 இரு முறை வென்றார். ஏழு முஸ்லிம் நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைய டிரம்ப் தடை போட்டதால் இரண்டாம் முறை அவர் விழாவுக்கே போக மறுத்து, அறிக்கையை மட்டும் வாசிக்க வைத்தார். அதே இரவில் விருது வாங்கிய மஹெர்ஷலா அலியை 'ஆஸ்கர் வென்ற முதல் முஸ்லிம் நடிகர்' என்று பத்திரிகைகள் எழுதின. 2020இல் கொரியப் படமான 'பாரசைட்', ஆங்கிலமல்லாத மொழியில் சிறந்த படமான முதல் படம் ஆயிற்று. அதற்கே 92 விழாக்கள் ஆயின!

இந்த மாற்றங்கள் எப்படி வந்தன? அகாடமிக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்ததா? இல்லை. ஒருவர் வாக்காளர் பட்டியலை எடுத்து எண்ணினார். ஒருவர் 900 படங்களை உட்கார்ந்து எண்ணினார். ஒருவர் நாட்டின் பெயரைக் கேட்டுச் சண்டை போட்டார். 600 பேர் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணியவனுக்கும் கேட்டவனுக்கும்தான் பதில் கிடைத்தது. புலம்பியவனுக்கு அல்ல.

நாம் செய்ய வேண்டியது என்ன?

2009 பிப்ரவரி 22 இரவு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஏ.ஆர்.ரஹ்மான், அந்த மேடையில் தமிழில் ஒரே வரி சொன்னார். 'எல்லாப் புகழும் இறைவனுக்கே.' சிலையின் கையில் இருந்த புகழை வாங்கி உரியவனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆஸ்கரை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் நம் ஊர் பத்திரிகைகளோ, உலகம் இப்போதுதான் அவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று குதித்தன. 1992இல் 'ரோஜா'விலிருந்து அவர் இசையைக் கேட்டுவந்த கோடிக்கணக்கான மக்கள் உலகம் இல்லையா? ஆங்கிலேயர் இயக்கிய படத்துக்கு இசையமைத்த அன்றுதான் அவர் இசை இசையாயிற்றா? ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படமெடுக்கும் இந்தியாவிலிருந்து, அயல்மொழிப் படப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்கு 2025 வரை போனவை மூன்றே மூன்று. மெஹ்பூப் கானின் 'மதர் இந்தியா', பிறகு 'சலாம் பாம்பே', 'லகான்'. இது நம் மக்களின் தகுதிக்குக் கணக்கா, அவர்கள் பார்வையின் அகலத்துக்குக் கணக்கா?

இளைஞர்களே! அடுத்த முறை விருதுப் பட்டியல் வரும்போது வென்றவர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தேர்ந்தெடுத்தவர் யார்? கதை யாருடைய கண் வழியாகச் சொல்லப்பட்டது? யாருடைய பெயர் விடுபட்டது? கேட்டதை எழுதி வையுங்கள், எண்ணி வையுங்கள், ஆதாரத்தோடு பேசுங்கள். பில்இன் விவசாயிக்குத் திரைப்படக் கல்லூரி கிடையாது, முதலாளி கிடையாது. மகனுக்காக வாங்கிய ஒரு கேமராவும், உடைந்தால் இன்னொன்றை எடுக்கும் பிடிவாதமும்தான் இருந்தன. இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிட நல்ல கேமரா இருக்கிறது. அது எதற்குப் பயன்படுகிறது என்பதை உங்கள் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறோம்.

வணிகப் பெருமக்களே! ஊடகம் நம்மைக் கொச்சைப்படுத்துகிறது என்று கடையில் உட்கார்ந்து வருந்துகிறீர்கள். நியாயம்தான். ஆனால் உலகப் பரிசு பெற்ற ஒரு படத்தை எடுத்து வெளியிட ஒரு வியாபாரி கிடைக்கவில்லை என்ற செய்தி உங்களை உறுத்த வேண்டாமா? பெரும் முதலாளிகள் பயந்தபோது, நூறு இருநூறு நாற்காலி போட்ட சிறு அரங்கு உரிமையாளர்கள்தான் துணிந்தார்கள். ஒரு நல்ல ஆவணப்படத்தை ஊர் மண்டபத்தில் திரையிட ஆகும் செலவு, ஒரு கல்யாணத்தில் அலங்கார விளக்குக்கு ஆகும் செலவுக்குக் கூட வராது. உண்மையைச் சொல்லும் பிள்ளைகளுக்குத் தோள் கொடுங்கள். விளம்பரம் கொடுக்கும்போது எந்தப் பத்திரிகைக்கு, எந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாம் சரக்கு வாங்குகிறோம். சுவரோர மேசையில் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பரிசு கொடுத்த கல் இது. இல்லாத ஆளை மேடைக்கு அழைத்த கல் இது. ஒரு நாட்டின் பெயரை ஒரே இரவில் அழித்த கல் இது. அடிபட்டவன் பெயரை எழுதத் தயங்கிய கல் இது. இந்தக் கல்லை வைத்து நம் மக்களின் மதிப்பை யாரும் நிறுத்துக் காட்ட வேண்டாம். நம் பிள்ளைகளும் அந்தத் தராசில் போய் ஏறி நின்று எவ்வளவு தேறுகிறோம் என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம்!